மாப்பிள்ளை அழவில்லை

"மாப்பிள்ளை வந்ததும் குரலைக் கொஞ்சம் இறக்கிப் பேசு. அவங்க ஆளுங்களுக்குச் சத்தமே ஆகாது" என்றேன்.

போர்வையின் இரண்டு முனைகள் என் மனைவியின் கையில், இரண்டு என் கையில். "ஒரே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துட்டு ஒரு இனத்துக்கே சர்டிபிகேட் குடுக்குறீங்களே!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்தப் போர்வையை மடித்ததுதான். மகளும் மாப்பிள்ளையும் விமானம் இறங்கி வருவதற்குள் அவளுடைய இதயம் நின்றுவிட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொன்ன வீட்டில் இப்போது அவள் சத்தமே இல்லை.

மாப்பிள்ளை வேறு இனம். நிறம் வேறு, மொழி வேறு. தமிழை மாமியாரிடம் போனில் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவர். அதனால் அவள் கூப்பிடுவதைப் போலவே என்னை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவார். திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன்.

கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தோம். மகள் கதறினாள். என் அக்கா ஊரையே கூட்டினாள். மாப்பிள்ளை என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, அளந்து வைத்த தூண் மாதிரி நின்றார்.

நானும் அழவில்லை. வராமல் இல்லை. பக்கத்தில் இந்த மனிதர் நிற்கிறாரே, 'இவங்க எல்லாத்துக்கும் கூச்சல் போடுற ஆளுங்க' என்று நாளை அவர் நாட்டில் போய்ச் சொல்லிவிட்டால்? என் இனத்தின் மானம் மொத்தமும் என் இரண்டு கண்களை நம்பி இருப்பதாக நினைத்துக்கொண்டு, நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். "பார்த்தியாடா? கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. அந்த இனத்துக்கு ரத்தத்துலயே பாசம் கிடையாது."

"ரத்தம் இல்லக்கா, பண்பாடு. அவங்க துக்கத்தை உள்ளயே வச்சுப்பாங்க. நாம அதைப் புரிஞ்சுக்கணும்."

தண்ணீர் குடிக்க வந்த என் தம்பி டம்ளரை வைத்தான். "அக்கா சொன்னதையேதான் நீயும் சொல்ற. என்ன, நீ கண்ணாடி போட்டுக்கிட்டுச் சொல்ற."

நாங்கள் கூடத்துக்குத் திரும்பியபோது மாப்பிள்ளை குளியலறைக்குள் இருந்தார். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது. அக்கா புருவத்தைத் தூக்கினாள். "சுத்தம்" என்றேன் மெதுவாக. "அவங்க அப்படித்தான். அடிக்கடி முகம் கழுவுவாங்க."

வெளியே வந்தவர் என் தோளைத் தொட்டார். "என்னங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க." அச்சு அசல் அவள் இழுக்கும் இழுப்பு. இந்த முறை குளியலறைக்கு ஓடியது நான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் மகள் பெட்டியைப் பிரித்துத் தன் துணிகளை மட்டும் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவரை மட்டும் அனுப்பிடுங்கப்பா. எங்கம்மாவுக்கு அழாத மனுஷன் எனக்கு எதுக்கு? இந்த மரக்கட்டையோட இனிமே என்னால குடும்பம் நடத்த முடியாது."

"அது அவங்க பண்பாடும்மா..."

"பண்பாட்டைக் கட்டிக்கிட்டா நான் அழ முடியும்?"

சமையலறைக்குப் போனேன். மாப்பிள்ளை தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த மாமனாரும் எந்த மாப்பிள்ளையிடமும் வைக்காத கோரிக்கையை நான் வைத்தேன்.

"மாப்பிள்ளை, உங்க ஆளுங்க வழக்கம் எனக்கு நல்லாவே தெரியும். நான் அதுல குத்தம் சொல்லல. ஆனா உங்க பொண்டாட்டி இனிமே உங்ககூட வரமாட்டேங்குறா. அவ பார்க்குற மாதிரி ஒரே ஒரு தடவை... கொஞ்சமா அழுதுடுங்களேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். "அழலாமா?" என்றார்.

"தாராளமா!"

அடுத்த நொடி அந்த ஆறடி மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவர் போட்ட சத்தத்தில் அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. 'அம்மா' என்றார், என்னென்னவோ தன் மொழியில் சொன்னார், மறுபடி 'அம்மா' என்றார். மகள் ஓடி வந்து அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் பின்னாலேயே வந்த அக்கா, தன் வாழ்நாளில் முதல்முறையாக வாயடைத்து நின்றாள்.

அதற்குப் பிறகு எந்த இனத்தின் மானத்தை நான் காப்பாற்றுவது? நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

வெகுநேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன். "இவ்வளவையும் ஏன் மாப்பிள்ளை அடக்கி வச்சிருந்தீங்க?"

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுல ஒருத்தர் போனா நாங்க இப்படித்தாங்க அழுவோம். இங்க பொம்பளைங்கதான் அழுதாங்க, நீங்க கையைக் கட்டிக்கிட்டு நின்னீங்க. சரி, உங்க ஆளுங்க அப்படித்தான் போலன்னு நினைச்சேன்."