இடது விளக்கு

முந்நூற்று நாற்பது ரூபாய்.

போட்டோவில் அப்பாவின் இடுப்புக்குப் பின்னால் இருப்பது அது. காரின் இடது விளக்கு. உடைந்தது.

அவன் தேங்காய் மட்டைக் குவியலின் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த லாரி வரும்வரை ஓய்வு. தோளெல்லாம் மட்டைத் தூசி. விரலிலும்.

காலையில்தான் அந்தப் படத்தைக் குழுவில் போட்டிருந்தான். பழைய கார்ப் பைத்தியங்களின் குழு. லாரிகளுக்கு வயர் வேலை பார்க்கும் குப்புராஜ் சேர்த்துவிட்டது. யாராவது ஒரு பழைய போட்டோவைப் போட்டால் போதும், அது என்ன கார், எந்த வருஷத்துக் கார் என்று கண்டுபிடிக்காமல் அங்கே ஒருவருக்கும் சோறு இறங்காது. பாதிச் சக்கரத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் காரின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது.

வருஷக்கணக்காகக் கழுவினார். காரின் மூக்கில் வெள்ளி எழுத்துகள் இருந்தன. குச்சியில் துணியைச் சுற்றி ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் துடைப்பார். என்ன எழுத்து என்று கேட்டால், வண்டியோட எழுத்து என்பார்.

போட்டோவில் அந்த எழுத்துகளின் மேல் அவர் கை இருக்கிறது.

அவனும் எழுத்துக் கற்றது முப்பது வயதுக்கு மேல்தான். அறிவொளி வகுப்பில். முதலில் தன் பெயர். பிறகு பஸ் போர்டு. இப்போது போனில் தேடித் தேடி அழுத்துகிறான். ‘இது என்ன கார்ங்க’ என்று போட்டு முடிப்பதற்குள் காலையில் டீ ஆறிப்போயிருந்தது.

பதில்கள் வரத் தொடங்கின.

ஆஸ்டின் என்றார் ஒருவர். ஹில்மேன் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர்.

“வண்டியப் படம் எடுக்கச் சொன்னா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளையாட்டம் குறுக்க நிக்கறாரு.”

கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

“அந்தாளு ரெண்டடி தள்ளி நின்னிருந்தா ஆகாதுங்களா? யாருங்ணா அது?”

கேள்வி அவனுக்குத்தான்.

அப்பாவைப் பார்த்தான். வெறும் உடம்பு. காக்கி அரைக்கால் சட்டை. கையில் சொட்டச் சொட்ட ஒரு துணி. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

குழுவில் இருப்பவர்களின் முகங்களையும் பார்த்தான். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் பளபளவென்று சொந்தக் கார்.

தேடித் தேடி அழுத்தினான்.

‘தெரியலைங்க. வேலைக்காரர் போல.’

அனுப்பிய பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

காது சுட்டது.

அழித்துவிடலாம். எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் நாலு பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள்.

ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் வந்தார். வாக்ஸ்ஹால் வெலாக்ஸ், ஐம்பத்து நாலாம் வருஷம் என்றார். பானெட்டின் மேல் ஓடும் பள்ளக்கோட்டை வைத்துச் சொன்னாராம். அது அப்பாவின் தோளுக்கு மேலே நன்றாகவே தெரிந்தது. அப்பா நகர்ந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வாக்ஸ்ஹால் வெலாக்ஸ்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். நாக்கு இடறியது. இரண்டாம் முறை வந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

போன் மறுபடி சிணுங்கியது.

“ஆளை எடுத்துட்டேனுங்ணா. இப்பப் பாருங்க வண்டிய.”

அதே போட்டோ. அதே போர்டிகோ. அப்பா இல்லை.

அவர் நின்ற இடத்தில் காரின் மூக்கு முழுசாக இருந்தது. இடது விளக்கு, வலது விளக்கைப் போலவே உருண்டையாக, கீறல் இல்லாமல் மின்னியது. போனே அதை வரைந்து வைத்திருக்கிறது.

அந்தக் காலத்தில் ஒருநாள் அப்பா கழுவுவதற்குத் தள்ளிக்கொண்டு போகையில் வண்டி தூணில் இடித்துவிட்டது. பம்பாயிலிருந்து வர வேண்டிய விளக்கு. விலையை அப்பாவின் பெயரில் கடனாக எழுதினார்கள். வண்டியை விற்கப் படம் எடுத்தபோது முதலாளி கையை நீட்டினார்.

“டேய், அந்த ஒடஞ்ச கண்ணு தெரியாம நில்றா.”

நின்றார்.

வண்டி விலை போயிற்று. கடன் அப்படியே நின்றது. அடுத்த மழைக்காலத்தில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அந்தக் கடனுக்காக, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசில், அவனைக் கொண்டுபோய் முதலாளியின் பங்களாவில் விட்டார்கள். அப்பாவின் துணிதான். அப்பாவின் வாளிதான்.

குழுவில் கைதட்டல்கள் குவிந்துகொண்டிருந்தன.

“அடேங்கப்பா, புது வண்டியாட்டம் இருக்குதுங்க!”

அவன் படத்தை விரலால் பெரிதாக்கினான். கீழே, தரையில், இரண்டு கால்களின் நிழல். ஆள் இல்லாமல் நிழல் மட்டும் நின்றது.

படத்தைத் திருத்தியவரும் கவனித்துவிட்டார்.

“நெழலு ஒண்ணு உட்டுப்போச்சுங்ணா. அதையும் எடுத்துரட்டுங்களா?”

லாரி வந்துவிட்டது. ஆட்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

தேடித் தேடி அழுத்தினான். இந்த முறை அனுப்புவதற்கு முன்பே இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

‘வேண்டாமுங்க. இருக்கட்டும்.’

அதற்கு மேல் விரல் போகவில்லை.

இடது விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. முந்நூற்று நாற்பது ரூபாய். இனி யாரும் யாருக்கும் தர வேண்டியதில்லை.