மாதம் பத்துத் தரம்

2024 ஒக்ரோபர் முதலாம் தேதி, இத்தாலியின் பலேர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து வங்கியொன்றில் ஜோக்கிம் கணக்குத் திறந்தான்.

"நூற்றுக்கு மூண்டு வட்டி சும்மா தருவாங்களோ?" என்றாள் அவன் மனைவி அமலினி.

"சும்மா இல்லை. என்ரை சம்பளம் அதுக்குள்ள விழவேணும். மாசம் பத்துத் தரம் வங்கிக் காட் போட்டுக் காசு கட்டவேணும். ஒரு இடத்திலை ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் கணக்கு."

"தவறினா?"

"அந்த மாசம் வட்டி இல்லை."

மகள் மொனிகாவின் பல்கலைக்கழகப் படிப்புக்குச் சேர்த்த ஆறாயிரம் யூரோவை எங்கே வைப்பது என்பதுதான் பேச்சு. அமலினிக்கு அதை அற்புதமலர் அக்காவின் சீட்டில் போட விருப்பம்.

"அக்கா காட் போடு எண்டு கேக்கமாட்டா."

"அக்கா நாளைக்கு லண்டனுக்குப் போனா? எமிலியானுஸின்ரை சீட்டை மறந்திட்டீரோ? ஆளும் லண்டனிலை, காசும் லண்டனிலை."

"சரி, நீங்கள் காட்டை எங்கை போடுவீங்கள்? வுச்சீரியாச் சந்தையிலை மீன்காரனிட்டை நீட்டிப் பாருங்கோ, மீனாலையே அடிப்பான். பிறகு பத்துக் கோப்பி குடிச்சு வட்டியைக் கரைப்பீங்கள்."

"கோப்பி குடிக்கமாட்டன். வீண் செலவு ஒரு சதம் இல்லை. இந்த மாசம் மட்டும் பாரும்."

"ஒரு சதம் வீணாப் போனாலும் காசு சீட்டுக்குத்தான்."

"ஓம்."

மறுநாள் காலை அமலினிக்கு ஒரு புதினம் காத்திருந்தது. திருநாளுக்கும் செத்தவீட்டுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிக்கும் ஜோக்கிம், குளித்து, நல்ல சேட் போட்டு, ஏழு மணிப் பூசைக்குப் புறப்பட்டான்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

"ஜெபமாலை மாசமெல்லோ."

அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதற்காகத்தான் நேர்த்தி வைத்திருந்தாள். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாளும். வேலை செய்யும் இத்தாலியக்காரி சிஞ்ஞோராவின் வீட்டில் யன்னல் துடைக்கும்போது அவளுக்குத் தானாகப் பாட்டு வந்தது. வங்கியும் சீட்டும் மறந்தே போயின.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு காலை ஜோக்கிம் எழும்பவில்லை.

"பூசைக்கு நேரமாச்சு."

"முழங்கால் நோகுதப்பா."

மறுநாளும் நொந்தது. மாதம் முடியும்வரை நொந்தது. வட்டி வந்த அன்று மட்டும் துள்ளி நடந்தான்.

"பாத்தீரோ? ஒரு கோப்பி குடிக்கேல்லை, வட்டி வந்திட்டுது."

"காட்டை எங்கை போட்டனீங்கள்?"

"நல்ல இடத்திலைதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, பாதர் கிறிகோரி வாசலில் அவளை மறித்தார்.

"காணிக்கைக்குக் காட் மிசின் வைக்க எல்லாரும் சிரிச்சவை, அமலினி. உங்கடை மனுசன்தான் தொடக்கி வைச்சவர். நாளுக்கு ஒரு யூரோ, பத்து நாள் தவறாமல். பிறகு ஏன் ஆளைக் காணேல்லை?"

"முழங்கால் பாதர்," என்றாள் அமலினி.

வீட்டுக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே ஜோக்கிம் முந்திக்கொண்டான்.

"பத்து யூரோ மாதாவுக்கு, மிச்ச வட்டி மொனிகாவுக்கு. கோயிலுக்குக் குடுத்தது வீண் செலவோ? நீரே சொல்லும்."

அமலினி யோசித்தாள். பிறகு சிரித்தாள்.

"வீண் எண்டு ஆர் சொன்னது? நல்ல கணக்கப்பா. காசு அங்கையே கிடக்கட்டும். என்ரை பேரிலையும் ஒண்டு திறப்பம்."

நவம்பரில் அவளும் கணக்குத் திறந்தாள். ஜோக்கிம் அந்த மாதத்துப் பத்தாவது பூசை முடித்து வந்த அன்று, அவனுடைய காட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தன்னுடையதை அவன் கையில் கொடுத்தாள்.