மூன்றாவது புகார்

“நீ தையல்காரனா? துணி வெட்டறவனுக்கு வெளிநாட்டு டூர் கேக்குதோ?”

மொழிபெயர்ப்பாளர் கேட்ட முதல் கேள்வியே இதுதான். தையல்காரருக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் இரண்டு ராத்திரி தூங்காத உடம்பு, கோபப்படக்கூடத் தெம்பில்லை.

எதிரே போலீஸ் அதிகாரி. மேஜைமேல் பேச்சைப் பதிவுசெய்யும் கருவி. பக்கத்தில், தையல்காரரின் தோள்பையிலிருந்து விமான நிலையத்தில் எடுத்த கஞ்சாப் பொட்டலம். நாற்பத்திரண்டு கிராம்.

அது மச்சினன் வேலை. கடற்கரைக் கடையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தே விற்றார்களாம், வாங்கிவிட்டான். ஊர் திரும்பும்போது அத்தான் பையில் சொல்லாமல் செருகியும்விட்டான். பிடிபட்டதும் காதோரம் அழுதான்.

“அத்தான், ஃபைன் போட்டு விட்டுடுவாங்க. உங்களோடதுன்னு சொல்லிடுங்க. எனக்குப் பொண்ணு பாத்துட்டிருக்காங்க, அத்தான்.”

மனைவிக்கு ஒரே தம்பி. சொல்லிவிடுவது என்றுதான் தையல்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கருவியின் பொத்தானை அமுக்கினார். மொழிபெயர்ப்பாளருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

“நீ சொல்றதை ஒரு வார்த்தை விடாம, ஒரு வார்த்தை சேர்க்காம சொல்லுவேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். யோசனை எதுவும் நான் சொல்லக் கூடாது.”

“சரிங்க. அந்தப் பொட்டலம்...”

“நிமிர்ந்து உக்காரு. என்ன திருட்டு முழி?”

“நான் திருடன் இல்லைங்க. அந்தப் பொட்டலம் வந்து...”

“ஒன் பொண்டாட்டியும் வாசல்ல மூக்கைச் சிந்திட்டு நிக்குது. குடும்பமே நல்லா நடிக்குது!”

நாற்காலி பின்னால் விழ, தையல்காரர் எழுந்துவிட்டார்.

“என் வீட்டுக்காரியைப் பேச நீ யாருய்யா? இந்த ஆள் இருக்கிற வரைக்கும் ஒரு பேச்சும் பேச மாட்டேன். வக்கீலைக் கூப்பிடுங்க!”

அதை மொழிபெயர்ப்பாளர் ஒரு வார்த்தை விடாமல் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி சலிப்போடு கருவியை நிறுத்தினார்.

மூன்றாம் நாள்தான் தமிழ் தெரிந்த வக்கீலம்மா வந்தார்.

“அன்னிக்கு ஏதாவது ஒத்துக்கிட்டீங்களா?”

“எங்கேம்மா விட்டான் அந்த ஆளு? மச்சினனுக்காக என்னோடதுன்னு சொல்லி, ஃபைனைக் கட்டிட்டுப் போயிடலாம்னு இருந்தேன்.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“ஃபைனா? கடையில வாங்கறது இங்க தப்பில்லை. விமானத்துல கொண்டுபோனா கடத்தல். என்னோடதுன்னு ஒரு வார்த்தை பதிவாகியிருந்தா பன்னிரண்டு வருஷம். அப்புறம் நான் வந்தும் பிரயோஜனமில்லை.”

தையல்காரர் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். அவருடைய மகளுக்கு இப்போது ஏழு வயது.

“கடை கேமராவுல உங்க மச்சினன் வாங்கினது இருக்கு. உங்களுக்குத் தெரியாம வெச்சதுன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டார். நாளைக்கு நீங்க வெளியில வந்துடலாம்.”

“அவன்?”

வக்கீலம்மா பையைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“மொழிபெயர்ப்பாளர் மேல புகார். இது இருந்தாதான் அன்னிக்கு நீங்க பேசாததுக்குக் காரணம் நிக்கும். கையெழுத்துப் போடுங்க. அவர் மேல இது மூணாவது. மூணு ஆனா வேலை போயிடும்.”

“போகட்டும்! வயசுக்கேத்த வாயா அது?”

தையல்காரர் காகிதத்தைப் படித்தார். உருண்டை உருண்டையான தமிழ் எழுத்து. துணி வெட்டுகிறவன், திருட்டு முழி, மூக்கைச் சிந்துவது, எல்லாம் வரிசையாக இருந்தன. திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

“யாரும்மா எழுதினது? அந்த ஆள் பேசினதுல ஒரு வார்த்தை விடலையே!”

வக்கீலம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அவரேதான். முன்னால வந்த ரெண்டு புகாரும் அவர் எழுத்துதான். அந்த ரெண்டு பேரும் இப்ப அவங்கவங்க வீட்டுல இருக்காங்க.”