நூற்று முப்பத்தெட்டாவது பெட்டி

ஒன்று குறைகிறது.

அவள் மறுபடி எண்ணினாள். ஸ்டோரிலிருந்து வாங்கிய வெறும் மருந்துப் பெட்டி இருபதாயிரம். மாத்திரை வைத்து மூடியது பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. கசங்கல் என்று கிழித்துப் போட்டது நூற்று முப்பத்தேழு.

ஒன்று குறையத்தான் செய்கிறது.

அச்சடித்த வெறும் பெட்டி ஒன்று வெளியே போனால் போதும். எவனாவது அதற்குள் சுண்ணாம்பை உருட்டி வைத்து விற்பான். அதனால் கணக்கு நேராகாமல் சரக்கு வாசலைத் தாண்டக் கூடாது. பேக்கிங் ஹாலில் அப்படித்தான்.

கணக்குத் தாளில் கையெழுத்து அவளுடையது. பதினோரு வருடம் பெட்டி மடித்தவள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்து, இந்த இடத்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

பெல்ட்டுக்கு அடியில் பார்த்தார்கள். குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தார்கள்.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

சூப்பர்வைசர் செழியன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"கிழிச்சது நூத்தி முப்பத்தெட்டுன்னு எழுதுக்கா. ஒத்தப் பெட்டிக்கா இவ்ளோ பஞ்சாயத்து?"

"கிழிச்சது யாரு, உங்க பாட்டனா?"

"நீ கையெழுத்துப் போடலன்னா நாளையிலேர்ந்து வேற ஆள் போடும். அப்புறம் என்னைச் சொல்லாத."

அவள் கண்ணாடித் தடுப்பு ஓரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே நாற்காலியில் வெளிநாட்டுக்காரர். இந்த மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியின் ஆள். அவர்கள் ஊரில் மூன்று மாத மாத்திரை விலைக்கு இங்கே ஒரு வீடு கட்டலாம் என்பார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர்களாகவே அனுமதி எழுதிக் கொடுத்தார்கள், நீங்களும் செய்யுங்கள், வசதி இல்லாத நாடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுங்கள் என்று. இது முதல் சரக்கு. வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

மடியில் டைரி. டைரிக்குள்ளிருந்து மருந்துப் பெட்டியின் நீல அட்டை ஓரம் எட்டிப் பார்த்தது.

செழியனும் பார்த்துவிட்டான்.

"யக்கா, வேணாம். அவங்க மருந்துக்கா அது. மனசு மாறி அனுமதிய திருப்பி வாங்கிக்கிட்டாங்கன்னா எல்லாருக்கும் போச்சு."

அவள் நடந்தாள்.

அவர் முன்னால் நின்று கையுறை போட்ட கையை நீட்டினாள். டைரியைக் காட்டினாள். ஒரு விரலைக் காட்டினாள்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. மெதுவாக வெளியே எடுத்தார். மடிக்காத பெட்டி. ஒரு கசங்கல் இல்லை.

ஓடி வந்த செழியனிடம் ஏதோ சொன்னார். அவன் தமிழில் சொன்னான். முதல் சரக்கு என்பதால் ஞாபகத்துக்கு எடுத்தாராம். வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறாராம்.

ஞாபகத்துக்கு.

அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

இந்த மருந்தின் அந்த நாளைய விலையைக் கேட்டு, ஆஸ்பத்திரி வாசலில் சிரித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தவன் அவள் தம்பி. வருகிற கார்த்திகைக்கு அவன் போய் மூன்று வருடம். அவன் படத்துக்கு முன்னால் வைக்க ஒரே ஒரு பெட்டி. காலையிலிருந்து அத்தனை பெட்டியும் அவள் கண் முன்னால்தான் போயின.

"குடுக்க முடியாதுன்னு சொல்லு," என்றாள்.

செழியன் எதை எப்படிச் சொன்னானோ.

அவர் எழுந்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

அவர் கண்ணெதிரிலேயே நான்காகக் கிழித்தாள். மேசைக்கு வந்து தாளில் எழுதினாள். கிழித்தது நூற்று முப்பத்தெட்டு. வித்தியாசம் பூஜ்யம்.

"ஒரு கிறுக்கு கிறுக்கிட்டு வாக்கா, லாரி நிக்குது."

அவள் கிறுக்கவில்லை. அப்பா பெயரில் தொடங்கித் தன் பெயரை முழுதாக எழுதினாள். ஒவ்வொரு சுழியாக, ஒவ்வொரு புள்ளியாக.

எழுதி முடிக்கும் வரை அந்த மனிதர் உட்காரவில்லை.