மருமகள் தூக்கும் எடை

“நாளையிலேருந்து என் மருமகளை உள்ள விடாதீங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

பெரியவர் நாற்காலியில் உட்காரவில்லை. முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த ஜிம். படியேறி வந்த மூச்சிரைப்பைக்கூட வெளியே காட்டாமல் விறைப்பாக நின்றார்.

எதிரே இருந்தவள் ஒரு காலத்தில் பளுதூக்கும் வீராங்கனை. இப்போது பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். எல்லோருக்கும் கோச் அக்கா.

“எதுக்குங்க ஐயா? என்ன ஆச்சு?”

“எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. என் வீட்டுப் பொண்ணு கண்டவங்க மத்தியில இரும்பு தூக்கறது எனக்குப் பிடிக்கல. தெருவே பேசுது.”

“பேசும். உடம்புல இருக்கற எல்லாத் தசைக்கும் நான் ஓய்வு நாள் ஒதுக்கிடுவேன். ஊர்வாய்க்கு மட்டும்தான் ஒதுக்க முடியல.”

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மருமகள் கம்பியின் முன் குனிந்துகொண்டிருந்தாள். இவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து, கம்பியைத் தரையிலிருந்து இடுப்புவரை உயர்த்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. பெரியவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. அதில் மருமகளின் ஒரு வாரப் பயிற்சி முழுவதும் எழுதியிருந்தது. திங்கள் கால். புதன் முதுகு. வெள்ளி தோளும் கைப்பிடியும்.

“நடுவுல ஏன் காலியா விட்டிருக்கு?”

“ஓய்வுங்க. எடை தூக்கறப்ப தசை வளராது. தூக்கிட்டு சும்மா இருக்கறப்பதான் வளரும். திங்கக்கிழமை தொடைக்கு வேலை குடுத்தா, மறுபடி அதுக்கு வேலை வர்றதுக்குள்ள அது தேறி எந்திரிக்கணும். அதுக்குத்தான் நாளைப் பிரிச்சுப் போடறது.”

“பிரிக்காம தினமும் எல்லாத்தையும் செஞ்சா?”

“ஒரே மாசத்துல அசந்துடுவாங்க. தெம்பு ஏறாது, இறங்கும். ஆளை விடுங்கடான்னு தானா நின்னுடுவாங்க.”

பெரியவர் பலகையை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்ப அவளுக்கு அப்படியே மாத்தி எழுதிடுங்க. நான் வந்து சொன்னதா தெரிய வேணாம்.”

கோச் அக்கா எழுந்துவிட்டாள்.

“பெரியவராச்சேன்னு பார்க்கறேன். வேற யாராவது இதைக் கேட்டிருந்தா படிக்கட்டு எங்க இருக்குன்னு காட்டியிருப்பேன். அவங்க இங்க உடம்பைக் காட்டவா வர்றாங்க? மொத நாள் வந்து என்ன கேட்டாங்க தெரியுமா? ‘எனக்கு மெலிய வேணாம், அழகாக வேணாம். படுத்த படுக்கையா இருக்கற மனுஷனை ஒத்தையா தூக்கி உட்கார வைக்கணும். அதுக்கு எந்தெந்தத் தசை வேணும்?’னு கேட்டாங்க. அப்படிப் போட்டதுதான் இந்தப் பலகை. கட்டில் பக்கத்துல குனிஞ்சு நிமிரக் கால். புரட்டிப் படுக்க வைக்க முதுகு. விரிப்போட சேத்து மேல இழுக்கத் தோளும் கைப்பிடியும். நெஞ்சுக்கு ஒரு நாள் போடட்டுமான்னு கேட்டேன். அது தள்ளறதுக்கான தசை. ‘அவரைத் தள்ளற வேலை எனக்கு இல்லக்கா’ன்னுட்டாங்க.”

“தெரியும்.”

“தெரியுமா? அந்த மனுஷன் உங்க சொந்த மகன்! யாரு எவருன்னு நினைவே இல்லாமக் கிடக்கறவருக்கு முதுகுல ஒரு புண்ணு வராம பாத்துக்கறாங்க. பெத்த அப்பா நீங்க, அந்தப் பொண்ணோட தெம்பைக் கெடுக்கச் சொல்லி என்கிட்ட வந்து நிக்கறீங்க. மரியாதையாம் மரியாதை!”

பெரியவரின் தாடை இறுகியது. அந்த வயதில், அப்படி ஒரு குரலை அவர் யாரிடமிருந்தும் கேட்டிருக்க மாட்டார்.

“ரெண்டு ஆம்பளை நர்ஸ் வெச்சேன். அவனைத் தொடவே விட மாட்டேங்கறா. நான் தூக்க வந்தாலும் ‘தள்ளுங்க மாமா, உங்களுக்கு இடுப்பு புடிச்சுக்கும்’கறா.”

“அவங்களுக்கு எந்த நர்ஸும் வேணாங்க. இந்தப் பட்டியலை விடாமச் செஞ்சா, இன்னும் இருபது வருஷம் அவரை ஒத்தையா தூக்குவாங்க. அப்படி ஒரு உடம்பு, அப்படி ஒரு மனசு. நீங்க பெருமைப்படணும்.”

“இருபது வருஷமா?”

கேட்டவர் மெல்ல நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தார். நிமிர்ந்தே இருந்த முதுகு வளைந்துபோயிருந்தது. தடுப்புக்கு அப்பால் மருமகள் கம்பியைத் தரையில் இறக்கிவிட்டு, முந்தைய எடையோடு இன்னும் இரண்டு வட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பவில்லை.

“அவளுக்கு முப்பதுகூட ஆகலைம்மா. ‘அவனை நான் பாத்துக்கறேன், நீ உன் வாழ்க்கையைப் பாரு, நானே முன்ன நின்னு இன்னொரு கல்யாணம் பண்ணி வைக்கறேன்’னு கெஞ்சாத குறையா சொல்லிப் பார்த்துட்டேன்” என்றார். “‘என்னால அவரைத் தூக்க முடியாமப் போற அன்னைக்கு வந்து சொல்லுங்க மாமா, கேட்டுக்கறேன்’னு சொல்லிட்டா.”