ரிஃபானாவின் முக்காடு

"முக்காட்டை எடுத்தாத்தான் கவுண்டர்ல உட்காரலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது யாருங்க?"

அப்துல் சலாம் சத்தம் போடவில்லை. காந்தி மார்க்கெட்டில் பழமண்டி நடத்துகிறவர். ஏலம் கூறிப் பழகிய தொண்டை. இருந்தும் தணிந்த குரலில்தான் கேட்டார். திருவானைக்காவலில் இருந்த அந்த மூக்குக்கண்ணாடிக் கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

விற்பனையாளன் ஹரிஹரசுதன் ஓடி வந்தான். கார்த்திகை மாதம். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை, வெறுங்கால்.

"வாங்க பாய், உட்காருங்க. ரிஃபானா வீட்லேர்ந்து வர்றீங்களா?"

"அவளுக்காகத்தான் வந்திருக்கேன்."

உட்காரவில்லை. முதுகு வளையாமல் நடுக்கூடத்திலேயே நின்றார்.

ரிஃபானா அலமாரி ஓரமாக ஒதுங்கியிருந்தாள். இளநீல முக்காடு, அதன் கீழே கடையின் அடையாள அட்டை. நேற்றே அவளைக் கவுண்டரிலிருந்து எழுப்பிவிட்டார்கள். இன்று அவள் முடிவு சொல்லியாக வேண்டும். முக்காட்டை எடுத்தால் பழைய இடம். மாட்டேன் என்றால் நாளை முதல் வர வேண்டாம்.

காலையில் தன் வீட்டு வாசற்படியில் நின்று ரிஃபானாவின் அம்மா நஜீமா அழுதது அப்துல் சலாமின் காதைவிட்டுப் போகவில்லை. 'பெத்தவ நான் எதைன்னு பாக்கறது? அவ மனசையா, எரியற அடுப்பையா? நீங்கதான் போய்க் கேக்கணும்.'

"வேணாம், விட்டுடுங்க" என்றாள் ரிஃபானா. "நான் வேற வேலை தேடிக்கறேன்."

"நீ சும்மா இரும்மா. இது உன்னோட போற விஷயம் இல்லை. குடும்ப மானம்."

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். நடுக்கூடத்தில் நிற்பவரைக் கண்டதும் அவர் கால் ஒரு கணம் தயங்கியது.

"உள்ளே வாங்களேன். உட்கார்ந்து பேசலாம்."

"இங்கே நடந்ததை இங்கேயே பேசுவோம்."

"கஸ்டமர்ஸ் இருக்காங்க…"

"அவங்களுக்காகத்தானே எடுக்கச் சொன்னீங்க? அவங்களும் கேட்கட்டும்."

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மாமி ஒருத்தி, புதுக் கண்ணாடியைக் காதில் மாட்டியபடியே திரும்பினாள். "நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலையேப்பா! எங்காத்து மாமாவுக்கு இந்தப் பொண்ணுதான் ஃப்ரேம் பாத்துக் குடுத்தா. அவர் படுத்தின பாட்டுக்கு நானா இருந்தா எழுந்து போயிருப்பேன்."

ஹரிஹரசுதன் சிரிக்கப் பார்த்து, மேனேஜர் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டான்.

"எந்த கஸ்டமர் ஆட்சேபம் சொன்னாங்க?" என்றார் அப்துல் சலாம். "பேர்கூட வேணாம். அப்படி ஒரு ஆள் உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க."

மேனேஜர் கவுண்டரில் கிடந்த ஃப்ரேம்களை அடுக்கத் தொடங்கினார்.

"கம்பெனி உத்தரவா?"

"இன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வர்றார். பாத்துட்டு ஏதாவது சொல்லிட்டா… உன் பிராஞ்ச்ல மட்டும் ஏன் இப்படின்னு கேட்டுட்டா…"

"ஆக, இதுவரைக்கும் யாருமே சொல்லலை."

"சொல்லிடக் கூடாதேன்னுதான்."

அப்துல் சலாம் ஹரிஹரசுதனைக் காட்டினார். "இந்தத் தம்பி மாலையோட நிக்கிறார். இவரைக் கழட்டச் சொன்னீங்களா?"

"ஐயோ பாய், என்னை ஏன் இழுக்கறீங்க?" ஹரிஹரசுதனின் கை தானாகவே மாலையைப் பற்றிக்கொண்டது.

"பயப்படாதீங்க சாமி. நல்லபடியா மலைக்குப் போயிட்டு வாங்க. யாரும் எதையும் கழட்ட வேணாம்னு சொல்லத்தான் நான் வந்தேன்."

மேனேஜர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்துல் சலாம் அவர் எதிரில் போய் நின்றார்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்க குடும்பத்துல ஒருத்தரும் ஊருக்குப் பயந்து எதையும் மறைச்சது கிடையாது. ஒருத்தன் வந்து கேட்டு, நாம பயந்தாக்கூட அது வேற. யாருமே கேட்காததை, கேட்டுடுவாங்களோன்னு நடுங்கி, முன்கூட்டியே கழட்டி வைக்கச் சொல்றதா? இந்தப் புத்தியை எந்த வீட்ல கத்துக்கிட்டீங்க?"

ஏதோ சொல்ல வாயெடுத்த மேனேஜர் நிறுத்திக்கொண்டு, ரிஃபானாவின் பக்கம் திரும்பினார்.

"கவுண்டருக்குப் போ ரிஃபானா. முக்காட்டோடயே போ. வெள்ளிக்கிழமை யார் வந்தாலும் நான் பேசிக்கறேன். வேலை போனா என்னோடதாப் போகட்டும்."

அவள் நம்ப முடியாமல் நின்றாள்.

"வாடிம்மா, ஏன் நிக்கறே?" என்று மாமி கூப்பிட்டாள். "இது எனக்கு நன்னா இருக்கா சொல்லு. கண்ணாடியில பாத்தா ஆந்தையாட்டம் இருக்கேன்."

ரிஃபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமியின் முகத்தை இரு கைகளாலும் மெல்ல நிமிர்த்திக் கண்ணாடியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அப்துல் சலாம் தொப்பியைச் சீராக்கிக்கொண்டார். வந்த காரியம் முடிந்துவிட்டது. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. நிமிர்ந்த நடையில் வாசலுக்குப் போனவரின் பின்னாலேயே மேனேஜரும் வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எந்த வீட்ல கத்துக்கிட்டேன்னு கேட்டீங்களே" என்றார் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "நம்ம வீட்லதான் அத்தா. இந்த வேலைக்கு இன்டர்வியூ போன அன்னிக்குக் காலையில, 'அவங்க ஏதாவது நினைச்சுக்கப் போறாங்க, முன்னாடியே எடுத்துடு'ன்னு சலூனுக்குக் கூட்டிட்டுப் போய், என் தாடியை எடுக்க வெச்சது நீங்கதானே?"