நாற்பதாவது குடம்

மலைமேல் இருந்த நெல்லிவாசல்நாட்டு விடுதியில் பாய்லர் வைக்கிறார்கள் என்றதும், அம்சவல்லி தொலைவிலிருந்த ஊற்றுத் தண்ணீரைச் சுமந்து வந்து கூலி கேட்காமல் ஊற்றினாள். பாய்லர் வந்தால் குழாயும் வரும், இனி தண்ணீரை இங்கேயே பிடித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

“இன்னும் எத்தினி குடம் தம்பி?”

“நாலு ஊத்துக்கா. உள்ள இருக்கிற காத்து போவணும்,” என்றான் ஃபிட்டர் கண்ணாயிரம்.

நியாயந்தான். கைப்பம்புக்கே முதலில் நாம் ஊற்றினால்தான் அது கொடுக்கும். ஊற்றின் அடியில் மிச்சமிருந்ததையும் வழித்து வந்தாள்.

நாற்பதாவது குடத்தில் மீட்டர் முள் ஏறியது. கண்ணாயிரம் பாய்லரைப் பற்றவைத்த சற்று நேரத்தில் அறைச் சுவரோரக் குழாய்கள் சுட்டன. அம்சவல்லி காலிக் குடத்தோடு நின்றாள்.

“தண்ணி எங்க புடிக்கிறது?”

“புடிக்கிறதா? இது ரூம் குளிராம இருக்கிறதுக்குக்கா. தண்ணி கொழாக்குள்ளயே சுத்தும். ஒரு சொட்டு வெளிய வராது.”

அவள் முகத்தைப் பார்த்து ஆறுதலும் சொன்னான்.

“கவலப்படாதக்கா. பத்து வருசத்துக்கு நீ ஊத்தவே வேணாம்.”